நூல் கிடங்கில் முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள்

மேற்கே போகும் ரயில் பாதை அந்த ஊரோடு முடிகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. ஒரு மண்மேடும் அதன்மேல் நட்ட சிவப்புப் பலகையும்தான். தலைநகரில் காலையில் கிளம்பும் ரயில் பிற்பகலில் அங்கே வந்து சேர்ந்து, கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, வந்த வழியே திரும்பும். அந்த ரயிலில் மாதம் ஒருமுறையாவது வந்து இறங்கிய ஓர் ஆராய்ச்சி மாணவியின் கதை இது.

ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை, கையில் மூலை தேய்ந்த நீலப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ரயிலில் ஒரு பெண்மணி, தன் மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வருவாயா என்று கேட்டிருக்கிறார். டிக்கெட் பரிசோதகர் ஒவ்வொரு தடவையும், "உள்ள பாம்பு கீம்பு இல்லையே?" என்பார். ஒவ்வொரு தடவையும் அவள், "இன்னிக்கு எடுத்துட்டு வரல சார்" என்பாள்.

பெட்டிக்குள் இருந்தது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவி. தடிமனான ஹெட்போன் ஒன்று, வரிசையாகக் குமிழ்கள், சுண்டுவிரல் தடிமனில் ஒரு ஒயர், அதன் நுனியில் அழைப்புமணிப் பொத்தான் மாதிரி ஒரு பொத்தான். ஹெட்போனில் ஒலி வரும். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், எது வரை காது பிடிக்கிறது என்று பார்ப்பாள். இதனால் ஊரில் அவளுக்குக் 'காதுக்காரி' என்று பெயர். சொந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

ஊரில் ஒரே ஒரு நெசவாலை. நீளமான ஷெட்டுக்குள் விசைத்தறிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே சமயத்தில் அடிக்கும்போது அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, நேராக நெஞ்சில் விழும். புதிதாகப் போகிறவர்கள் வாசலிலேயே ஒரு அடி பின்வாங்குவார்கள். அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களின் காது என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. முனைவர் பட்டம் அதன்மேல்தான் நின்றது.

வேலை லேசானதல்ல. தறிச் சத்தத்திலிருந்து வந்த கையோடு சோதித்தால் காது மரத்துப்போயிருக்கும், உண்மை தெரியாது. அதனால் வார விடுமுறைக்கு மறுநாள், ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பு சோதித்தாக வேண்டும். அந்த ஒரு காலைப்பொழுதில் அரை டஜன் பேரை முடித்தால் பெரிய விஷயம். விடுமுறை நாளில் ரயிலேறி, ஸ்டேஷன் எதிரிலிருந்த லாட்ஜில் தங்கி, விடிந்தும் விடியாமலும் ஆலை வாசலில் நிற்பாள். லாட்ஜ் மேனேஜர் அவளுக்கென்று மாடிக் கடைசி அறையை ஒதுக்கியிருந்தார். கட்டில், மேஜை, பாதி திறக்கும் ஜன்னல். ஜன்னலை முழுக்கத் திறக்க முயன்று முதல் தடவையே கொக்கியை உடைத்தாள். அடுத்த தடவை வரும்போது புதுக் கொக்கியும் திருப்புளியும் கொண்டுவந்து அவளே மாட்டினாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டில் எது உடைந்தாலும் ஆளைக் கூப்பிடும் பழக்கம் கிடையாது.

சோதனைக்கு அமைதியான இடம் வேண்டும். ஆலையின் மருந்தகத்தில் உட்கார்ந்து பார்த்தாள், சுவரே அதிர்ந்தது. கேன்டீனில் பாத்திரச் சத்தம். மேனேஜர் அறையில் மேனேஜர். கடைசியில் அவள் கண்டுபிடித்தது நூல் கிடங்கு. தரையிலிருந்து கூரை வரை நூல் மூட்டைகள். கை தட்டினால் அந்தச் சத்தத்தை மூட்டைகள் அப்படியே விழுங்கிவிடும். தலைநகர ஆஸ்பத்திரியின் சோதனை அறைகூட அவ்வளவு நிசப்தமாக இருந்ததில்லை என்று அவள் பேராசிரியருக்கு எழுதினாள். ஒரே குறை, இரண்டு மூட்டைச் சுவர்களுக்கு நடுவே வழி ரொம்பக் குறுகல். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட இடமில்லை. வருகிறவரும் அவளும் எதிரும் புதிருமாக உட்கார வேண்டியிருந்தது. தன் விரல் குமிழைத் தொடுவது தெரிந்துவிடக் கூடாது என்று பிஸ்கட் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கருவிக்கு முன்னால் தடுப்பாக நிறுத்தினாள். தடுப்புக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரியும்.

ஷெட்டில் அவளுக்கு முதலில் நெருக்கமானவர் மேஸ்திரியக்கா. பெண் தொழிலாளர்களில் மூத்தவர். தறிகளின் ஒரு முழு வரிசைக்குப் பொறுப்பு. கோபம் வந்தால் புருவம் மட்டும் அசையும், அது போதும். இன்னொருவர், எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடும் நெசவாளர். நாள் முழுக்கப் பேசுவார். ஆனால் ஷெட்டுக்குள் அவர் குரலைக் கேட்டவர் யாருமில்லை. யார் குரலையும் யாரும் கேட்டதில்லை. அங்கே எல்லாப் பேச்சும் வாயசைவிலும் கையசைவிலும்தான். இந்தக் கோடியில் ஒருவர் உதட்டை அசைத்தால் அந்தக் கோடியில் ஒருவர் சிரிப்பார். வீட்டுச் சண்டை, பிள்ளையின் பரீட்சை, மேனேஜரின் புதுச் சட்டை எல்லாம் தறிகளின் தலைக்கு மேலே ஓசையில்லாமல் பறந்துகொண்டிருக்கும். பேச்சை முடிக்க வேண்டுமானால் முதுகைக் காட்ட வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டுவதைப் போல ஒரு அவமானம் அங்கே கிடையாது. அதனால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே பேச்சுவார்த்தை அறுந்த கதைகூட உண்டு.

முதல் நாள் ரேடியோ நாலு வரிசை தள்ளி நின்றபடி காதுக்காரியைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் மேஸ்திரியக்காவைப் பார்த்தாள். வெளியே வந்த பிறகு அக்கா விளக்கினார்.

"உன் காதை யாரு டெஸ்ட் பண்ணுவாங்கன்னு கேட்டான்."

"இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னாரா?"

"மிச்சமெல்லாம் அவன் மாமியாரைப் பத்தி. அது உனக்கு வேண்டாம்."

ஒரு வருஷத்துக்கும் மேல் ரயில் ஏறி இறங்கினாள். முடிவுகள் சேரச் சேர அவளுக்குத் தலை சுற்றியது. எல்லோருக்கும் காது அற்புதமாகக் கேட்டது. இருபது வருஷம் தறியடியில் நின்றவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் காது. மேஸ்திரியக்காவுக்கு அதைவிடக் கூர்மை. இப்படிப்பட்ட சத்தத்தில் முதலில் கெடுவது கொசு ரீங்காரம் மாதிரியான உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் திறன். இவர்களுக்கு அதுவும் பழுதில்லை.

பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. உலகத்தில் எந்த நெசவாலையில் அளந்தாலும் காது கெட்டுத்தான் இருந்திருக்கிறது. இங்கே மட்டும் கெடவில்லை என்றால், ஏன் கெடவில்லை என்பதே பெரிய கேள்வி, பெரிய பெயர். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அவளுக்கு மேடை வாங்கிக் கொடுத்தார். மாநாட்டில் வாசித்த கையோடு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் பட்டம் வந்துவிடும். விஷயம் ஆலை மேனேஜர் காதுக்கும் எட்டியது. அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். சத்தத்தைத் தடுக்கும் காதுறை கேட்டுத் தொழிலாளர்கள் எழுதிய மனு ஒன்று நெடுநாளாக அவர் மேஜையில் கிடந்தது.

"அப்போ சத்தத்தால ஒண்ணும் இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுவீங்கல்ல மேடம்?" என்றார்.

"இன்னும் முடியல சார்" என்றாள்.

முடியத்தான் இல்லை. மாநாட்டுக்கு முந்தைய கடைசிப் பயணத்தில் அவளுக்கு நல்ல ஜலதோஷம். ரயிலை விட்டிறங்கும்போதே மூக்கு அடைத்திருந்தது. குறுகலான இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்று முகக்கவசம் போட்டுக்கொண்டாள். அன்று வந்தவர்களின் முடிவைப் பார்த்தவள் ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் மோசம். தன் காதில் மாட்டிச் சோதித்தாள். கருவி சரியாக இருந்தது. லாட்ஜ் மேனேஜரைக் கெஞ்சிக் கிடங்குக்கு அழைத்து வந்து அவர் காதில் மாட்டினாள்; அவருக்கும் சரியாகக் கேட்டது.

"என் பொண்டாட்டி நம்ப மாட்டா. இதை எழுதிக் கொடும்மா" என்றார் அவர்.

பேராசிரியர் போனில் அலட்டிக்கொள்ளவில்லை. "கருவி மக்கர் பண்ணியிருக்கும்மா. அந்த ஒரு நாளை எடுத்துடு. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கே."

"கருவி நல்லாத்தான் இருக்கு சார்."

"ஒரே ஒரு நாள்ம்மா. மேடை காத்துட்டிருக்கு."

எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. கெட்ட அளவுகளை நீக்குவது எல்லா ஆய்விலும் நடப்பதுதான். ஆனால் அவளுக்கு அது தொண்டைக்குள் சிக்கிய முள்ளாக இருந்தது. மறுநாள் ரயிலைப் பிடிக்கவில்லை. அறையில் இருப்புக் கொள்ளாமல் ஆலைக் கேன்டீனில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் சின்ன அறை. அலுவலக ஆட்கள் சாப்பிடும் இடம். ஜலதோஷம் குறைந்திருந்ததால் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு போன் செய்தாள்.

அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். போனை எடுத்தால் வருகைப்பதிவு எடுப்பது போலத்தான் பேசுவார். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, எப்போது வருகிறாய் என்று வரிசையாகப் போய், கல்யாணமான அக்காவின் மாமியார் சொன்ன வரனில் வந்து நிற்பார்.

"அம்மா, பட்டம் வாங்கற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதன்னு சொன்னேன்ல. அந்தப் பையனுக்கு மூக்கு மட்டும் தனியா வருது" என்று இவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

வெளியே வந்தபோது ரேடியோ கைகழுவும் இடத்தில் நின்றிருந்தார். "மூக்கு பெருசா இருந்தா என்னம்மா? மனசு நல்லா இருந்தா போதும்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணே? கண்ணாடி மூடியிருந்துச்சே."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துதானே பேசின. நல்லாத் தெரிஞ்சுச்சே." அவர் குரலில் ஒளிவு மறைவு எதுவுமில்லை. "போன மாசம் உங்க சாரைத் திட்டினியே, அதுகூட எல்லாருக்கும் தெரியும். தப்பா நினைச்சுக்காத, அந்த ஆளு அப்படித்தான் திட்டு வாங்கணும்."

இந்த ஊர் ஒரு வருஷமாகத் தன் போன் பேச்சையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது தெரிந்தால் யாருக்கும் முகம் சிவக்கும். அவளுக்கும் சிவந்தது. ஆனால் அந்த வெட்கம் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. அவள் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பிஸ்கட் அட்டைக்கு மேலே தெரிந்த தன் முகம். முகக்கவசம் போட்ட அந்த ஒரு நாள்.

"அண்ணே, உங்களுக்கு இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட்தானே? ஒரு அஞ்சு நிமிஷம் கிடங்குக்கு வர்றீங்களா?"

ரேடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் பிடித்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்காரி கருவியை மின்சாரத்திலேயே செருகவில்லை. அட்டைக்குப் பின்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒலி அனுப்புவதாக மனசில் மட்டும் நினைத்தாள். பொத்தான் அமுங்கியது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி நினைத்தாள். அமுங்கியது. நினைக்காமல் சும்மா உட்கார்ந்தாள். அவரும் சும்மா இருந்தார். மறுபடி நினைத்தாள். அமுங்கியது.

"அண்ணே, சத்தம் வந்துச்சா?"

"நீ அனுப்பின, நான் அமுக்கினேன்."

"நான் அனுப்பினேன்னு எப்படித் தெரியும்?"

ரேடியோ அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அனுப்பறப்பெல்லாம் உதட்டை உள்ள இழுப்பியே. இடது கன்னத்துல ஒரு குழி விழும். அதுதானேம்மா சிக்னல்?"

ஊசியில் நூல் கோக்கும்போதும், கணக்குப் போடும்போதும், சின்ன வயசிலிருந்தே அவள் உதட்டை உள்ளே இழுப்பவள்தான். வீட்டில் அவள் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பயிற்சியின்போது எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறாள், ஒருவரும் கவனித்ததில்லை. தறிக்குத் தறி கண்ணால் பேசிப் பழகியவர்களுக்கு அது தெருவிளக்குப் போல எரிந்திருக்கிறது. அவர்கள் ஏமாற்றவில்லை. எதிரே உட்காரவைத்து முகத்தைக் காட்டிக்கொண்டு ஒருத்தி சோதனை செய்கிறாள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் சோதனை என்று ஒரு ஷெட் முழுக்க நினைத்துவிட்டது. இப்படி ஒரு தவறு நடக்க இந்த ஊரும் வேண்டும், இந்தக் கன்னமும் வேண்டும்.

அன்று மாலையே பேராசிரியருக்கு போனில் சொன்னாள். இதுவரை எடுத்த அளவு எதுவும் செல்லாது. மாநாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

"யோசிச்சுப் பேசுறியாம்மா? கையில ஒண்ணுமே மிஞ்சாது."

"தெரியும் சார். ஆனா அங்க மேனேஜர் மேஜையில ஒரு மனு இருக்கு. நான் போய் மேடையில காது நல்லா இருக்குன்னு படிச்சா, அவர் அதை எடுத்துக் குப்பையில போட்டுடுவார்."

"உன் பட்டம்?"

"அது கொஞ்சம் லேட்டாகும் சார்."

கொஞ்சம் என்று அவள் சொன்னதைப் பேராசிரியர் பிறகு பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று சிரிக்கவில்லை. பெரிதாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, அவள் ஊர் திரும்பியதும் அடுத்த பயணத்துக்கான அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

புது ஏற்பாடு எளிது. எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த எளிய விஷயத்தைக் கேட்டதும் ஷெட் கொதித்தது. வேலை தொடங்கும் முன் ஆலை முற்றத்தில் கூடியவர்களிடம் அவள் விளக்கிக்கொண்டிருந்தபோதே ரேடியோ குறுக்கிட்டார்.

"முதுகைக் காட்டிட்டு உக்காருன்னு சொல்றியே, நமக்குள்ள என்ன சண்டையா?"

"சண்டை இல்ல அண்ணே. என் மூஞ்சியைப் பார்க்காம இருக்கணும்."

"ஒரு வருஷம் பார்த்தோமே, அப்ப ஒண்ணும் கெட்டுப்போகலையே."

கூட்டம் சிரித்தது. ஆனால் சிரிப்புக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதை மேஸ்திரியக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாப்பா, உனக்குத் தெரியாது. காது போச்சுன்னு தெரிஞ்சா தறியிலேர்ந்து எடுத்து மடிப்பு ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாள் பூரா துணியை மடிச்சுக்கிட்டு நிக்கணும். பேச ஆள் கிடையாது. அங்க போனவங்க யாரும் திரும்பித் தறிக்கு வந்ததில்ல."

"நான் யாரோடதையும் மேனேஜருக்குக் கொடுக்க மாட்டேன்க்கா."

"கொடுக்க மாட்ட. அவன் பிடுங்கினா?"

லாட்ஜுக்குத் திரும்பி, ஜன்னலடியில் உட்கார்ந்து யோசித்தாள். பிடுங்க முடியாதபடி வைத்துக்கொள்ள ஒரே வழி, தன்னிடமே அது இல்லாமல் இருப்பது. கடைத்தெருவில் ஒரு டப்பா நிறைய வண்ண பட்டன்கள் வாங்கினாள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. கிடங்கு வாசலில் டப்பாவை வைத்துவிடுவாள். உள்ளே வருகிறவர் கண்ணை மூடி ஒரு பட்டனை எடுத்து, அவள் மேஜையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்காருவார். அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஆளைப் பார்க்க மாட்டாள். முடிவு பட்டனின் பெயரில் போகும். தன் முடிவு வேண்டுமென்றால் அவரே பிறகு பட்டனைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். பச்சை நாலு ஓட்டை பட்டன் யார் என்று அவளுக்கே தெரியாது.

இதற்கு ஒரு விலை இருந்தது. பழைய அளவையும் புது அளவையும் ஆள் ஆளாக ஒப்பிட முடியாது. எத்தனை வருஷம் வேலை செய்தவருக்கு எவ்வளவு கெட்டது என்று காட்ட முடியாது. ஆய்வேட்டின் பாதிப் பலம் அங்கேயே போய்விட்டது. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் பட்டன்களை மாற்றவில்லை.

முதல் நாள் காலை கிடங்கு வாசலில் கூட்டம் நின்றது, உள்ளே யாரும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உதட்டால் மட்டும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மேஸ்திரியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டப்பாவில் கையை விட்டார். ஒரு பட்டனை எடுத்து மேஜையில் வைத்தார். நாற்காலியைத் தூக்கி, கோடியில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். இருபது வருஷமாகத் தன் வரிசையில் யாருக்கும் முதுகைக் காட்டாத பெண், எல்லோரும் பார்க்க, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பி" என்றார் நூல் மூட்டையைப் பார்த்து.

அதன்பிறகு வரிசை தானாக நகர்ந்தது. வாய் திறந்து தன்னைக் காட்டிக்கொண்டவர்கள் இன்னொரு நாள் பேசாமல் வந்து வேறு பட்டன் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரேடியோ மட்டும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நீ ஆரம்பிச்சிட்டியா இல்லையா?"

அவள் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. பதில் சொல்லாமல் ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அவர் அமுக்கியபோது, தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் உதடு உள்ளே போயிருந்தது. இந்தத் தடவை பார்க்க ஆளில்லை.

எல்லாம் முடிய அடுத்த வருஷம் பாதி ஓடிவிட்டது. ரயில் பரிசோதகர் ஓய்வு பெற்று, புதியவர் வந்து, அவரும் பாம்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார். முடிவு ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. ஷெட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உயர்ந்த ஒலிகள் போய்விட்டன. பறவைச் சத்தம், போன் மணி, குழந்தையின் கீச்சுக்குரல் போகிற பாதை அது. இன்னும் கொஞ்சப் பேருக்கு சாதாரணப் பேச்சே சுவருக்கு அப்பாலிருந்து வருவதாகத்தான் இருக்கும். கண் கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் யாரும் அதை உணரவில்லை, உணர்ந்தவர்கள் சொல்லவில்லை.

ஆய்வேட்டில் அவள் தன் முதல் வருஷத்துத் தவறையும் மறைக்காமல் ஒரு அத்தியாயமாக எழுதினாள். அந்த அத்தியாயத்துக்குள்தான் ஆலைக்கு உபயோகமான விஷயம் இருந்தது. மற்ற ஆலைகளில் காதுறை கொடுத்தால் தொழிலாளர்கள் கழற்றி எறிந்துவிடுவார்கள். போட்டால் பக்கத்து ஆளோடு பேச முடியாது என்பார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இவர்கள் காதால் பேசிக்கொள்வதே இல்லை. காதுறை போட்டால் இவர்கள் இழக்க எதுவும் கிடையாது. பட்டத் தேர்வில் தேர்வாளர்கள் அதிகம் கேள்வி கேட்டது அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான். பட்டம் வந்தது, அவளோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு.

பட்டம் வந்ததும் பெட்டியில்லாமல் ஒருமுறை போனாள். முடிவைத் தன் வாயாலேயே ஷெட்டில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேனேஜர் சந்தோஷப்படவில்லை. ஆய்வேட்டின் பிரதி தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தது. காதுறை வாங்கத்தான் வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"யார் யாருக்கு மோசம்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். அவங்களைப் பாதுகாப்பா வேற இடத்துல போட்டுடறேன்."

"பச்சை நாலு ஓட்டை பட்டன் கொஞ்சம் மோசம் சார். சிப்பி பட்டன் ரொம்ப மோசம். ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆர்டர் நெருக்கடி. கூட்டம் போட நேரமில்ல. தறி ஓடிட்டிருக்கும்போது வேணும்னா போய்ச் சொல்லிட்டு வாங்க." சொல்லும்போது அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அலுவலகத்திலிருந்து ஷெட்டுக்கு வந்து போகிறவர் அவர். தறியடியில் நின்றவர் அல்ல.

"சரி சார்" என்றாள்.

அவரும் கூடவே வந்தார். ஷெட்டுக் கதவு திறந்ததும் சத்தம் வழக்கம் போல நெஞ்சில் மோதியது. நடுப்பாதையில் நூல் சுற்றிய கோன்கள் வரும் மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஏறி நின்றாள். வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. கைகள் தறியிலேயே இருந்தன. கண்கள் மட்டும் அவள்மேல்.

காதுக்காரி குரலை எடுக்கவே இல்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். உங்களில் பாதிப்பேருக்குக் காது கெட்டிருக்கிறது. யாருக்கு என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் உங்கள் பட்டனைச் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டும் சொல்வேன். போனது திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். காதுறை வரப்போகிறது, எல்லோரும் போடுங்கள், போட்டாலும் உங்கள் வம்புக்கு ஒரு குறையும் வராது.

கடைசி வாக்கியத்துக்கு ஷெட் முழுக்கத் தோள்கள் குலுங்கின. மேனேஜர் அவள் பக்கத்தில் நின்று, காதில் விரலை வைத்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அங்குமிங்கும் பார்த்தார்.

ரேடியோ தன் வரிசையிலிருந்து கையைத் தூக்கி, நீளமாக ஏதோ கேட்டார். அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. போட்டுக்கொண்டால் மாமியார் பேசுவதும் கேட்காமல் போகுமா என்பது போலத் தெரிந்தது. வீட்டுக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும் என்று பதில் சொன்னாள். அவர் முகம் வாடியது.

கடைசித் தறியிலிருந்து மேஸ்திரியக்கா தன் உதட்டைச் சுட்டிக்காட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். வாயை நன்றாகத் திறந்து பேசு, இந்தப் பக்கம் பாதி வரவில்லை.

காதுக்காரி பெட்டியின்மேல் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.